சீரோடு வந்த தொலைநோக்கி

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். அந்தப் பக்கம் அடுப்புப் புகை அடிக்கும். இந்தப் பக்கம் மெத்தை காலியாகத்தான் கிடக்கிறது. தேநீர் ஊற்றியாயிற்று, ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். உல்கான் வீட்டுக்கு மருமகளோடு சேர்ந்து ஒரு வால் நட்சத்திரம் வந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று சொல்கிறேன். பக்கத்துக் கூடாரம் என்னுடையதுதான், இரண்டையும் கண்ணால் பார்த்தவள் நான்.

உல்கானும் நானும் கோடை வந்தால் சோங்கோல் ஏரிக்கரை மேய்ச்சலில் அடுத்தடுத்துக் கூடாரம் போடுகிறவர்கள். அவள் கையால் அடித்த கம்பளியில் மழை ஒரு சொட்டு இறங்காது. தையலும் அப்படித்தான், ஊசி போன இடம் தெரியாது. ஒரே மகன் எர்மெக். அவன் இசிக்கூல் கரையிலிருந்து பெகிமாய் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். பெண்ணின் அப்பா கெரிம்கூல் மாட்டு வைத்தியர்.

மருமகள் வந்தால் அவள் கொண்டுவந்த சீரை விரித்துப் பார்ப்பது எங்கள் பெண்களுக்கு ஒரு திருவிழா. பெட்டி, மெத்தைகள், கம்பளங்கள், பீங்கான் கிண்ணங்கள் எல்லாம் இறங்கின. கடைசியாக ஆள் உயரத்துக்கு நீல வண்ணம் அடித்த ஒரு குழாய் இறங்கியது. கூடவே அதை நிறுத்த ஒரு மரப்பெட்டிக் கால். எங்களுக்குள் வாயாடி அனார்கான்தான். அவள் குழாயைச் சுற்றி வந்து, பெண் வீட்டார் அடுப்பை மறந்துவிட்டுப் புகைபோக்கியை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள் என்றாள்.

பெகிமாய்க்குக் கோபம் வரவில்லை. குழாயின் வாயைத் திறந்து எங்களுக்கு உள்ளே காட்டினாள். அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, தட்டு போலக் குழிந்தது. வாய்ப்பக்கம் மெல்லிய தகடுகளில் தொங்கும் இன்னொரு சின்னக் கண்ணாடி, சாய்ந்து நின்றது. நட்சத்திரத்தின் வெளிச்சம் அடியில் போய்ப் பட்டுத் திரும்பி வரும், சின்னது அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், அங்கே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய கண்ணாடியை அவள் அப்பாவே தேய்த்தாராம். கொட்டகையில் ஒரு பீப்பாயின் மேல் கண்ணாடியை வைத்து, மேலே இன்னொரு கண்ணாடியால் மண் போட்டுத் தேய்த்தபடி, இரண்டு குளிர்காலம் அந்தப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். குழாயும் திருகுகளும் இவள் வேலை.

"அப்பா இன்னும் இதுல பாக்கல அக்கா," என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். "வெள்ளி பூசி வந்ததே கல்யாணத்துக்கு முந்தின வாரந்தான். தேச்சதுல கண்ணாடியோட விளிம்பு கெட்டுப்போச்சோன்னு அவருக்கு ஒரே பயம். கெட்டிருந்தா இனிமே கண்ணாடியத் தொடவே மாட்டேன்னு சொல்லிட்டாரு. சொன்னா சொன்னதுதான்."

அந்த அப்பா, முறைப்படி சம்பந்தி வீட்டைப் பார்க்க ஏரிக்கரைக்கே வருவதாக இருந்தது. அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் வந்து கண்ணை வைக்கும்போது கண்ணாடி தன் முழு அழகையும் காட்ட வேண்டும். அவளுக்கு அந்தக் கோடையில் வேறு வேண்டுதல் கிடையாது.

மேய்ச்சலுக்கு லாரியில் ஏறினோம். குழாயை மெத்தைகளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். கணவாய்ப் பாதை முழுக்கக் கல்லும் பள்ளமும். லாரி குதிக்கும்போதெல்லாம் குழாய்க்குள்ளிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம். மருமகள் முன்னால் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. உல்கான் என் பக்கத்தில் இருந்தாள். சத்தம் வரும்போதெல்லாம் குழந்தை இருமுவதைக் கேட்டவள் போலத் திரும்பிப் பார்த்தாள். கூடாரம் போட்ட மறுநாள் குழாயை நான் நகர்த்தியபோது அந்தச் சத்தம் இல்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அந்த வாரத்தில் உல்கான் இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, புது மருமகளின் தலையில் வெள்ளை முக்காட்டைத் தன் கையால் கட்டினாள். இன்னொன்று, தொலைநோக்கியின் அடிப்பக்கத்துக்கும் தடிக்கம்பளியில் ஒரு குல்லாய் தைத்துப் போட்டாள். சுற்றிவர ஆட்டுக்கொம்புக் கோலம், திருகுகள் மட்டும் வெளியே நீட்ட மூன்று சின்னத் துளைகள். ஒட்டகமயிர் நூலால் இறுக்கித் தைத்து முடிச்சும் போட்டுவிட்டாள். இவ்வளவு தூரம் வந்த பொருள் தலை மூடாமல் நிற்கலாமா என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம், பெகிமாய் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

புதிதாக வந்த எதையும் முதல்முறை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது எங்களுக்கு. குழந்தையானாலும் மணப்பெண்ணானாலும் பார்த்த சீர் வைக்க வேண்டும். அப்போது தொலைநோக்கிக்கும் அதே சட்டந்தானே என்று உல்கானின் கணவர் அப்தில்தா அறிவித்துவிட்டார். மனிதருக்கு எதையும் விழாவாக்க வேண்டும். அன்று பொழுது சாயும் நேரத்தில் அக்கம்பக்கத்துக் கூடாரத்தார் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி தயிருருண்டை, ஒருத்தி கைக்குட்டை, அனார்கான் ஒரு கிண்ணம் வெண்ணெய். மருமகள் பகலிலேயே குழாயை மெத்தைகளின் மேல் கிடத்திக் கண்ணாடிகளை ஒழுங்கு செய்து வைத்திருந்தாள். தலைக்கு நேர் மேலே முதலில் எட்டிப்பார்க்கும் வெள்ளை நட்சத்திரத்துக்குக் குழாயை நிமிர்த்தினாள். முதலில் பார்க்கும் உரிமை மாமியாருக்கு.

உல்கான் முக்காலியில் ஏறிக் கண்ணை வைத்தாள். வைத்தவள் உடனே இறங்கிவிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள், கூடாரத்துக்குள் போய்விட்டாள். அடுத்து நான் பார்த்தேன். நட்சத்திரம் இருந்தது. அதற்கு ஒரு பக்கமாக விசிறி போல வால் இருந்தது. பக்கத்தில் இருந்த பொடி நட்சத்திரங்களுக்கும் ஆளுக்கொரு குட்டி வால்.

உங்களுக்குத் தெரியாததா. வால் நட்சத்திரம் கண்ணில் பட்டால் அந்த வருஷம் வீட்டிலிருந்து ஒருவர் போய்விடுவார் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே போனேன். கெட்டது அண்டாமலிருக்க உல்கான் காய்ந்த அர்ச்சா மர இலையைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்த மாசமே வாலு," என்றாள் என்னிடம். "அவகிட்ட சொல்லிடாத."

அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது. அவள் வெளியே தானே கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு முகம் வெளிறி நின்றாள். அவளுக்கு வால் நட்சத்திரப் பயம் கிடையாது. கண்ணாடிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவில்லை, அதனால் வெளிச்சம் ஒரு பக்கமாக வழிகிறது என்று எர்மெக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அப்பா வந்து இதைப் பார்த்தால் கண்ணாடி கோணியதென்று நினைக்கமாட்டார், தன் கை கெட்டதென்று நினைப்பார். அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால்.

மறுநாளிலிருந்து பெண்ணுக்கு அதே வேலை. பால் கறந்து முடித்ததும் குழாயைக் கிடத்துவாள். கண் வைக்கும் துளையில் ஒரு டப்பா மூடியைச் செருகுவாள், அதன் நடுவில் ஊசித்துளை. அந்தத் துளை வழியே பார்த்தால் சின்னக் கண்ணாடி ஒரு வட்டம், அதற்குள் பெரிய கண்ணாடி ஒரு வட்டம், பெரியதன் நடுவில் அவள் ஒட்டிவைத்த பொட்டு. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் உட்கார வேண்டும். முதலில் சின்னக் கண்ணாடியின் மேல் சந்தேகப்பட்டாள். அதைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி முடுக்கினாள். பிறகு அடியிலிருக்கும் மூன்று திருகுகளை, எர்மெக் திருப்ப, இவள் பார்க்க, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ அதிகம், திருப்பு என்று ஒரு முழு மதியம். நான் பார்த்தபோது வட்டங்கள் அத்தனையும் அழகாக நடுவில் இருந்தன. சாயங்காலம் நிமிர்த்தினால் வால் அப்படியே இருந்தது.

கண்ணாடிக்குச் சூடு ஆறவில்லையோ என்று வெயில் சாய்வதற்கு முன்பே குழாயை வெளியே வைத்துப் பார்த்தாள். பயனில்லை. திருகு தளர்கிறதோ என்று ஒவ்வொன்றுக்கும் மேலே இன்னொரு பூட்டு முடுக்கினாள். பயனில்லை. எர்மெக் பாவம், புது மாப்பிள்ளை, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டிய நாளெல்லாம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னையும் அந்த மாதிரி ஒரு தடவ உத்துப் பாரேன்," என்றான் ஒரு நாள்.

"உனக்கும் வால் இருக்குமோன்னு பயமா இருக்கு," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

உல்கான் தொலைநோக்கிப் பக்கமே வரவில்லை. சாயங்காலமானால் புகைச்சட்டியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் சுற்றுவாள். பெகிமாய் அதைப் பார்த்தாள். வீட்டுக்குள் ராசியில்லாததைக் கொண்டுவந்துவிட்டதாக அபா, அதாவது மாமியார், நினைக்கிறாள் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனாலும் இல்லை என்று சொல்லிவைத்தேன்.

சம்பந்தி வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம். மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பெகிமாய் அலுத்துப்போய், குழாயை நிமிர்த்தக்கூட மனமில்லாமல், மலைமுகட்டை ஒட்டித் தாழ்வாக இருந்த ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்பினாள். பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். நானும் பார்த்தேன். ஊசி குத்தியது போல உருண்டையாக ஒரு புள்ளி. வால் இல்லை.

பிறகு கையைக் குழாயில் வைத்தபடி மெதுவாக உயர்த்தி, வழியில் கிடைத்த நட்சத்திரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொஞ்சம் உயரத்தில் இருந்தது நீர்த்துளி போல ஒரு பக்கம் நீண்டிருந்தது. இன்னும் உயரே போனதும் வால் வந்துவிட்டது. உச்சியில் விசிறி. மறுபடி இறக்கினாள், உருண்டை. மரக்காலின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"படுத்திருந்தா சரியா இருக்கு அக்கா, எழுந்து நின்னா கோணுது. நான் முட்டாள் மாதிரி தினமும் படுக்கவெச்சே சரிபண்ணிட்டிருந்திருக்கேன். பெரிய கண்ணாடிக்குப் பின்னால ஏதோ அமுங்குது."

காலையில் ஊசித்துளை மூடியைச் செருகி அதை உறுதியும் செய்தாள். படுத்திருக்கும்போது பொட்டு நடுவில்; குழாயை நிமிர்த்த நிமிர்த்தப் பொட்டு வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போயிற்று. பின்பக்கத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பின்பக்கத்தில்தான் மாமியார் தைத்த குல்லாய்.

அது வெறும் துணியாக இருந்தால் என்ன. மாமியார் கையால் கட்டிய முக்காட்டை மருமகள் அவிழ்ப்பதில்லை. அதே கையால் அதே வாரத்தில் போட்ட தையல் இது, முடிச்சுப் போட்டது. எர்மெக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான், ஒரே இழுப்பில் அறுத்துவிடுகிறேன் என்று. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். பக்கத்துக் கூடாரக்காரி பிரித்தால் அது பக்கத்துக் கூடாரக்காரி பிரித்ததாகிவிடும், பிறகு குளிர்காலம் முழுக்க நான் பதில் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சம்பந்தி வண்டி மாலைக்குள் வந்துவிடும். பெகிமாய் முக்காட்டை நேராக்கிக்கொண்டு, உல்கான் குதிரைப்பாலைக் கடைந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய் அவள் எதிரில் மண்டியிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியுமா.

"அபா, நீங்க தெச்சத நான் பிரிக்கணும். உள்ள ஏதோ கண்ணாடிய அழுத்துது. நீங்க வேணாம்னு சொன்னா விட்டுடறேன். அப்பா வந்து பாத்துட்டுப் போகட்டும்."

உல்கான் கடைகழியை நிறுத்தவில்லை. நாலைந்து முறை மேலும் கீழும் போய்வந்தது. பிறகு கழியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தொலைநோக்கியிடம் போனாள். தன் தையலைத் தானே பிரித்தாள். ஒட்டகமயிர் நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். குல்லாய் கழன்றது. அடிப்பலகையில் காற்றுப் போகப் பெரிய பெரிய துளைகள் விட்டிருந்தாள் பெகிமாய். ஒவ்வொரு துளையிலிருந்தும் வெள்ளைக் கம்பளி பிதுங்கிக்கொண்டு நின்றது.

எர்மெக் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

"நான்தான் தக்களிக் கம்பால திணிச்சேன்," என்றாள் உல்கான். "வழியெல்லாம் டொக்கு டொக்குன்னு தட்டிட்டே வந்துச்சு. உங்கப்பா ரெண்டு குளிர்காலம் தேச்ச கண்ணாடி. தொட்டில்ல குழந்தைய இறுக்கிக் கட்டாம யாராவது குதிரைமேல ஏத்துவாங்களா. உடைஞ்சிருந்தா அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது."

பெகிமாய் கம்பளியை விரலால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மெத்தையே தைத்திருக்கலாம் அதில். கடைசியில் ஒரு முக்கோணத் தோல் தாயத்தும் வந்து விழுந்தது. கண்ணாடி படுத்திருக்கும்போது அந்தக் கம்பளியில் சாய்ந்து சும்மா இருந்திருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தன் எடையில் அழுந்தி, தாயத்து இருந்த பக்கம் மட்டும் அழுந்தாமல், கோணிவிட்டிருக்கிறது.

பெகிமாய் தாயத்தை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மாமியாரின் கையைப் பிடித்துக் குழாயின் மேல் வைத்து, குழாயை லேசாக ஆட்டினாள். டொக்.

"இந்தச் சத்தம் இருக்கணும் அபா. கண்ணாடிக்கும் அதப் பிடிச்சிருக்கற கவ்விக்கும் நடுவுல ஒரு காகிதம் நுழையற அளவுக்கு நாங்கதான் இடம் விட்டோம். இறுக்கிப் பிடிச்சா அதுக்கு முகம் கோணிடும்."

"அப்போ அந்த வாலு?"

"வாலே இல்ல அபா. நம்ம வீட்டு ஆட்டு ரோமம்."

உல்கான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கடைசியாக வந்தவர்தான் முதலில் போவார் என்று சொல்வார்களே, அதை நினைத்து நினைத்து ஒவ்வொரு சாயங்காலமும் மருமகளின் படுக்கைத் திரையைச் சுற்றித்தான் புகை போட்டேன் என்று கைகளுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். நானும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ராசியில்லாதவள் என்று நினைக்கிறாள் என்றல்லவா இருவரும் நினைத்திருந்தோம். இந்தப் பெண்ணைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்துபோய்த் திரிந்திருக்கிறாள். பெகிமாய் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். எர்மெக் கம்பளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

ரொம்ப நேரம் அப்படி இருக்க விடவில்லை. கணவாய்ப் பாதையில் புழுதி தெரிகிறது என்று அப்தில்தா கத்தினார். சம்பந்தி வண்டி. பெகிமாய் துள்ளி எழுந்தாள். எர்மெக் திருக, அவள் துளையில் கண்ணை வைத்தாள். வட்டங்கள் நடுவுக்கு வந்தன. குழாயை நிமிர்த்தினார்கள். பொட்டு நகரவில்லை. இறக்கினார்கள், நகரவில்லை. நட்சத்திரத்தில் பார்க்க நேரமில்லை, சூரியன் உச்சியில் நின்றது. வண்டி ஆற்றைத் தாண்டிவிட்டது.

கெரிம்கூல் ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். வரவேற்பு, தேநீர், ஆடு, மறுபடி தேநீர், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் அடிக்கடி வெளியே போய்வந்தது. வானம் மங்கி முதல் நட்சத்திரம் வந்ததும் எல்லோரும் வெளியே வந்தோம். அனார்கான் போன தடவை கொடுத்த வெண்ணெயை நினைவுபடுத்தி, இந்தத் தடவை இலவசமாகத்தான் பார்ப்பேன் என்றாள்.

கெரிம்கூல் உடனே கண்ணை வைக்கவில்லை. குழாயின் அடிப்பக்கம் காதைக் கொண்டுபோனார். இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டினார். டொக். அவர் தோள் தளர்ந்து இறங்கியது, அந்த மெல்லிய வெளிச்சத்திலும் தெரிந்தது.

"சுதந்திரமா இருக்கு," என்றார் மகளிடம்.

உல்கான் என் விலாவில் இடித்தாள். எலும்பு இரண்டு நாள் வலித்தது எனக்கு.

பிறகு அவர் பார்த்தார். உச்சி நட்சத்திரம். ரொம்ப நேரம் பார்த்தார். கண்வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தினார், மறுபடி பார்த்தார். பெகிமாய் முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"விளிம்பு நல்லாருக்கு," என்றார் கெரிம்கூல். கண்ணை எடுக்காமலே, "இதைவிடப் பெரிசா ஒண்ணுக்குக் கண்ணாடி வாங்கி வெச்சிருக்கேன். உங்கம்மாகிட்ட சொல்லல."

கூட வந்திருந்த அவர் மனைவி பின்னால்தான் நின்றிருந்தாள். அந்தக் கதை வேறு. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அனார்கான் அவர் முன்னால் போய் மடியை விரித்தாள், பார்த்த சீர் எங்கே என்று. தான் தேய்த்த கண்ணாடிக்குத் தானே சீர் வைப்பதா என்று அவர் கேட்டார். கண்ணாடி அவருடையதாக இருந்தது, இப்போது எங்கள் வீட்டு மருமகள், மரியாதையாக எடுங்கள் என்றாள் அவள். மனிதர் சிரித்தேவிட்டார். மாட்டு வைத்தியத்துக்கு வைத்திருந்த நல்ல எஃகுக் கத்தியை இடுப்பிலிருந்து கழற்றி எர்மெக்கின் கையில் வைத்தார்.

எல்லோரும் பார்த்த பிறகுதான் உல்கான் முக்காலியில் ஏறினாள். ஒரு கையால் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினாள். வால் இருக்கிறதா என்று கீழேயிருந்து அனார்கான் கேட்டாள்.

"உருண்டையா இருக்கு," என்றாள் உல்கான். "சின்னதா, குளிச்சுவிட்ட குழந்தை மாதிரி."

இறங்கியவள் சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். அதே குல்லாய். விருந்து வேலைக்கு நடுவில் எப்போது தைத்தாளோ. இப்போது சுற்றிவரத் தையல் இல்லை; நாடா வைத்து முடிந்துகொள்ளவும் அவிழ்த்துக்கொள்ளவும் ஆகும். நடுவில் காற்றுப் போக ஒரு பெரிய துளை, அதைச் சுற்றியும் கொம்புக் கோலம். இதுதான் என் பார்த்த சீர் என்று மருமகளிடம் கொடுத்தாள். வேண்டும்போது யாரையும் கேட்காமல் அவிழ்த்துக்கொள் என்றாள். தாயத்தைக் குழாயின் வெளிப்பக்கக் கைப்பிடியில் தொங்கவிட்டார்கள். அங்கே அது யாரையும் அழுத்தவில்லை.

இலையுதிர் காலத்தில் கீழே இறங்கினோம். லாரி பள்ளத்தில் குதிக்கும்போதெல்லாம் குழாய்க்குள் டொக் டொக். உல்கான் அதன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்ன சத்தம் அது என்று ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, நீ பாதையைப் பார், அது நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னாள்.

தேநீர் முடிந்துவிட்டதா, கிண்ணத்தைக் கொடுங்கள். உங்கள் கூரைக்கு மேலே வரும் நட்சத்திரமெல்லாம் உருண்டையாகவே வரட்டும். உங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நடமாட இடமும், அவர்களை நினைத்துப் பதறிப் புகை போட ஒரு கையும் எப்போதும் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், தொட்டில் காலியாகாமல், கதவு தட்டும் சத்தம் ஓயாமல் நீங்களும் உங்கள் வீட்டாரும் நன்றாக இருங்கள்.